சீராக வந்த சாப்ட்வேர்

தம்பி,

நேற்று போனில் நீ "சரிம்மா, பாத்துக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்தச் சரிம்மாவை எனக்குத் தெரியும். விலை படியாதவர்கள் "செத்த நேரம் கழிச்சு வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு நேரே எதிர்க்கடைக்குள் நுழைவார்களே, அந்த வகைப் பேச்சு அது. மறுபடி கூப்பிட்டால் நீ அவசரப்படுவாய், நான் சத்தம் போடுவேன். இரண்டுக்கும் இப்போது எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன். மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை. அருப்புக்கோட்டை வெயில் தெருவைத் துடைத்துவைத்த மாதிரி ஆக்கிவிட்டது. கொத்தமல்லி மூட்டையில் சாய்ந்து, முட்டி வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மூட்டையைக் குறை சொல்.

ஆவணியில் மதுரையில் ஆபீஸ் திறக்கிறாய். இத்தனை வருடம் அடுத்தவர் ஆபீசில் குனிந்து உட்கார்ந்து வீட்டுக்குப் பிளான் வரைந்தவன், இனி உன் பெயரைப் போட்டு வரையப் போகிறாய். அதற்கு வேண்டிய சாப்ட்வேரின் விலையை நீ சொன்னபோது, ஒரு லோடு மல்லி என் கண் முன்னால் வந்து போனது. அந்த நேரத்தில்தான் உன் மச்சினன் பிரபு, "நீங்க ஏன் அத்தான் கவலப்படுதீக? ஆபீஸ் திறப்புக்கு என் சீரா, எல்லாச் சிஸ்டத்துக்கும் நானே போட்டுத் தாரேன்" என்று சொல்லியிருக்கிறான். செல்போன் கடை வைத்திருக்கிற பையன். ஏதோ ஒரு வாட்சப் குரூப்பில் அவனுக்கு அது அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதாம். ஒரு தடவை கட்டினால் ஆயுசுக்கும் ஓடுமாம்.

அது சரியான சரக்கு இல்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட உனக்கு நூறு மடங்கு தெரியும். உன் இக்கட்டு வேறு. கடைக்காரனிடம் பில் கேட்கலாம். சீர் கொண்டு வருகிறவனிடம் எப்படிக் கேட்பது? தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், அதன் மேல் ஒரு கவர் வைத்து மச்சினன் நீட்டும்போது, "இதை எங்க வாங்குன, யார் பேர்ல இருக்கு?" என்று எந்த மாப்பிள்ளை வாயைத் திறக்க முடியும்? மோதிரம் போட்டால் அங்கேயே உரசிப் பார்ப்போமா? கல்யாணம் முடிந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. எம்.ரெட்டியபட்டியில் உன் மாமனார் வீட்டில் நாளைக்கும் நீ உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எல்லாம் புரிகிறது. ஆனாலும் அந்தக் கவரை நீ வாங்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். அப்புறம் எப்படி வாங்காமல் இருப்பது என்றும் சொல்கிறேன்.

நம் கடையில் பில் போடுகிற சாப்ட்வேர் ஒரு நாள் படுத்துக்கொண்டதும், லோடு நனைந்ததும் உனக்குத் தெரியும். அதை நான் வாங்கிய விதம் தெரியாது. நீ அப்போது சென்னையில் இருந்தாய். ஒரு பையன் போனில் வந்தான். முகத்தைப் பார்த்ததில்லை. "அக்கா, நான் பாலவனத்தம்தான். உங்க கடையத் தாண்டித்தான் பஸ்ஸு போகும்" என்றான். பேச்சு நம் பேச்சு. கம்பெனி விலையில் கால்வாசிதான் கேட்டான். நான் சும்மா விடுவேனா? "சரக்கப் பாக்காம காசு குடுக்கிற பழக்கம் எனக்கு இல்லய்யா" என்றேன். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. "காசே வேணாம்க்கா. மாட்டி விடுறேன், ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. புடிச்சாத்தான் காசு." எனக்கு அந்த வார்த்தை தேன் மாதிரி இருந்தது.

ஏனென்றால் நான் தொழில் படித்ததே அப்படித்தான். பரளச்சிப் பக்கம் கரிசல் காடுகளில் மல்லியும் குதிரைவாலியும் பிடித்து, பஸ் மேலே மூட்டையை ஏற்றி, கண்டக்டரிடம் ஏச்சு வாங்கி, டவுனில் கொண்டு வந்து விற்றவள் நான். (அந்த ஏச்சுக் கண்டக்டரையே கல்யாணமும் கட்டிக்கொண்டேன் என்பதை உங்கப்பா இன்றைக்கும் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.) மூட்டையின் வாயில் இருப்பதைப் பார்த்து நான் விலை பேசியதே இல்லை. குத்தூசியை அடியில் குத்தி உள்சரக்கை உருவி, கசக்கி, மோந்து, மென்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன். விதைக்கென்று கேட்டு வருகிற சம்சாரிக்கு மல்லி கொடுக்க வேண்டுமென்றால், ஒரு பிடியை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, முளைத்ததைக் கண்ணால் கண்ட பிறகுதான் அளந்து போடுவேன். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு, ஒரு வாரம் ஓட்டிப் பார் என்பது ஈரச் சாக்குச் சோதனை மாதிரிதான் பட்டது. ஓட்டிப் பார்த்தேன். பில் அழகாக வந்தது. கணக்கெழுதுகிற மாரிச்சாமி, "அக்கா, வெண்ணெய் மாதிரி போகுது" என்றார். முளைத்துவிட்டது, வாங்கிவிட்டேன். மாட்டும்போது அந்தப் பையன் தூரத்தில் இருந்தே நம் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, வைரஸ் வராமல் காக்கிற காவலை அணைத்து வைக்கச் சொன்னான். அதையும் செய்தோம். வீட்டுக்குள் வருகிறவன் நாயைக் கட்டிப்போடச் சொல்வது நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டோம்.

அங்கேதான் என் தொழில் புத்தி என்னைக் கவிழ்த்தது. மல்லி கெட்டிருந்தால் மோந்தால் தெரியும். திருட்டுச் சாப்ட்வேர் முதல் நாள் நல்ல சாப்ட்வேரைப் போலவேதான் ஓடும். ஏனென்றால் சரக்கு ஒன்றேதான். அதை வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். அது எந்தச் சாக்கில் சுற்றி வைத்தாலும் முளைத்துக் காட்டாது. சரக்கைச் சோதிக்கத் தெரிந்தவள், விற்றவனைச் சோதிக்காமல் விட்டுவிட்டேன்.

மாசி கடைசியில், மல்லி வரத்து மும்முரமாக இருந்தபோது, வாசலில் லாரி நிற்கிறது, பாதிக்கு மேல் ஏற்றியாகிவிட்டது, திரையில் ஏதோ சிவப்பாக எழுதி வந்தது. பழைய கணக்கைப் பார்க்கலாம், புதுப் பில் போட முடியாது. பாலவனத்தத்துப் பையன் நம்பர் அணைந்து கிடந்தது. கையால் எழுதுகிற பில் புத்தகத்தை எப்போதோ ஓரங்கட்டியாகிவிட்டது. மாரிச்சாமி அட்டாலிப் பரணில் ஏறி அதைத் தேடுகிறார். டிரைவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "என்னக்கா, பில்லு பிரசவத்துக்குப் போயிருக்கா? ஆணா பொண்ணான்னு பாத்துட்டே கிளம்புறேன்" என்கிறார். "தார்ப்பாயவாவது கட்டுய்யா, மேகம் கருக்குது" என்றால், "பில்லு வராம மூட்டைக் கணக்கு முடியாது, கணக்கு முடியாம நான் தார்ப்பாயத் தொட மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். மாரிச்சாமி பிரவுசிங் சென்டருக்கு ஓடி, கையெழுத்துப் பில்லை வைத்து, வண்டி ரோட்டில் போகத் தேவையான சீட்டை எடுத்து வருவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. மழைக்காக வருடம் பூராவும் வானத்தைப் பார்க்கிற ஊரில், நான் நடுத்தெருவில் நின்று மழையைத் திட்டினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மல்லி கறுத்துப்போனது, வாங்கியவர் விலையை அடித்தார். அதெல்லாம் வியாபாரத்தில் வரும், போகும்.

மறுநாள் அந்தச் சாப்ட்வேர் செய்கிற கம்பெனிக்கே போன் போட்டேன். ஒரு பெண்பிள்ளை பேசினாள். சாப்ட்வேரின் லைசென்ஸ் நம்பரைச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள். அப்புறம், "இது ஒரு காலேஜுக்குப் பசங்க படிக்கிறதுக்காகக் குடுத்தது மேடம். வெளிய வித்திருக்காங்க, அதனால நிறுத்திட்டோம்" என்றாள். நான் காசு கொடுத்து வாங்கினேன் என்றேன். "குடுத்திருப்பீங்க மேடம். ஆனா அது உங்களோடது இல்லையே." அவள் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. இருந்தும் எனக்குச் சுருக்கென்றது. என் கடையில் ஒரு சுண்டு மல்லிகூட அடுத்தவருடையது இருந்ததில்லை. உங்கப்பா மட்டும் சிரித்தார். "இதுக்கு எதுக்கு இம்புட்டு விசாரணை? ஸ்கூல் பாஸ வச்சுக்கிட்டு மீச வச்ச ஆளு பஸ்ஸுல ஏறுன கதைதான. பாஸு நெசம்தான், ஆளுதான் வேற. ரெண்டு ஸ்டாப்புக்குத் தெரியாது. செக்கிங் வந்தா, காட்டுக்குள்ளன்னாலும் இறக்கித்தான் விடுவோம்." மாணவர்களுக்கான சாப்ட்வேரை ஆபீசில் போடுவது பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்றைக்கு நீ சென்னையிலிருந்து போனில் என்னை விரட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? "ஏம்மா, வேல செய்யுதுன்னு வாங்குவாகளா? யாருகிட்ட வாங்குறோம்னு பாக்க வேண்டாமா? ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?" அந்தக் கேள்வியை அப்படியே மடித்து வைத்திருந்தேன். இப்போது உனக்குத் திருப்பி அனுப்புகிறேன்.

என் கடையில் போனது மல்லி. உன் ஆபீசில் அப்படி இல்லை. ஒரு மனிதன் ஊரெல்லாம் லோன் போட்டு, பெண்டாட்டி நகையை வைத்து, ஆயுசுக்கும் ஒரே ஒரு வீடு கட்டுவான். அவன் பிளான் உன் மிஷினுக்குள் இருக்கும். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட்டு நிற்கும்போது உன் சிஸ்டம் திறக்கவில்லை என்றால், நீ அவனுக்கு எந்தக் கதையைச் சொல்வாய்? உடைத்து விற்கிற சாப்ட்வேருக்குள் வேறு எதையாவது வைத்து அனுப்பி, உள்ளே இருக்கிற அத்தனையையும் பூட்டிக்கொண்டு காசு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று நீதானே எனக்குச் சொன்னாய். வரைகிற சாப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் இன்டர்நெட் வழியாகவே கண்டுபிடித்து வக்கீல் நோட்டீஸ் விடுவார்கள் என்பதும் நீ சொன்னதுதான். நோட்டீஸ் வந்தால் அதில் பிரபு பெயர் இருக்காது. போர்டில் இருக்கிற பெயர்தான் இருக்கும்.

முழு விலை கொடுத்து வாங்கு என்றும் நான் சொல்லவில்லை. தள்ளுபடியை வேண்டாம் என்று சொன்னால் நான் வியாபாரியே இல்லை. நம் கடைச் சாப்ட்வேர் படுத்த பிறகு, கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் பெயர் போட்டிருந்த டீலரைத் தேடிப் பிடித்து நான் பேரம் பேசினேன். யாரோ அனுப்பிய லிங்கைத் தொடவில்லை. மாரிச்சாமியிடம் வெப்சைட் முகவரியை எழுத்துக் கூட்டி அடிக்கச் சொன்னேன். நேர்மையான வழியிலேயே விலை குறைய எத்தனை வாசல் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வருடக் கடைசியில் ஒரு தள்ளுபடி, பண்டிகைக்கு ஒன்று, புதிதாய்த் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. கேட்டால்தான் சொல்கிறார்கள், கேட்பதற்கு வெட்கப்படாதே. மாதம் மாதம் கட்டுவதைவிட வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் குறையும். வேலை நிலைக்குமா என்று தெரியாத ஆரம்பத்தில் மாதக் கணக்கே நல்லது; வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். உன் ஆபீசில் எல்லாச் சிஸ்டத்துக்கும் பெரிய சாப்ட்வேர் எதற்கு? வீட்டை முப்பரிமாணமாகக் காட்டுகிற வேலை உனக்கு மட்டும்தானே. மற்றவர்களுக்குக் கோடு வரைகிற சின்னப் பதிப்பு போதும். கடிதம் அடிக்க, கணக்குப் போட இலவசமாகவே முறையான சாப்ட்வேர் கிடைக்கிறது. பில் போடுவது போக மற்றதற்கெல்லாம் நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் காசு கட்டும் முன்னால் குத்தூசியைக் குத்த வேண்டிய இடத்தில் குத்து. எத்தனை மிஷினுக்கு, எத்தனை நாளைக்கு, தொழிலுக்கா படிப்புக்கா, நம் நாட்டில் செல்லுமா என்று எழுத்தில் கேள். முதல் வருடம் இளித்துக்கொண்டு குறைவாகக் காட்டி, இரண்டாம் வருடம் முழு விலையைக் கார்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அடுத்த வருட விலையையும் இன்றைக்கே கேட்டுவிடு. பில் உன் ஆபீஸ் பெயரில், ஜிஎஸ்டி நம்பரோடு வர வேண்டும். உள்ளே நுழைகிற இமெயில் உன்னுடையதாக இருக்க வேண்டும், விற்றவனுடையதாகவோ மச்சினனுடையதாகவோ இருக்கக் கூடாது. பணத்தை ஒரு தனி ஆளின் போன் நம்பருக்கு அனுப்பச் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடு. "இன்னிக்கு விட்டா நாளைக்குக் கிடையாது" என்கிற வார்த்தையை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்கும் சரக்கு இருந்துகொண்டேதான் இருந்தது.

இதையெல்லாம் நீயே செய்வாய். சீரை மறுப்பதுதான் உன்னால் ஆகாது. நேற்று நீ போனை வைத்ததும் கவிதா என்னைக் கூப்பிட்டாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். புருசன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் எதையும் ஒளிப்பதில்லை, அதனால் சொல்கிறேன். "அத்தை, அவுக ரெண்டு நாளா சரியா சாப்பிடல. வேணாம்னு நான் சொன்னா தம்பியக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். அவுக சொன்னா எங்க வீட்டுல மொகம் சுருங்கும். நீங்க சொன்னா..." என்று நிறுத்தினாள். நான் சொன்னால் யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது. மாமியார் என்று ஒருத்தி இருப்பது வேறு எதற்கு? நல்ல மருமகள் உனக்குக் கிடைத்திருக்கிறாள். இல்லை, எனக்குத்தான்.

இன்று காலையில் உன் மாமியாருக்குப் போன் போட்டேன்.

"மதினி, ஆபீஸ் திறப்புக்குப் பிரபு என்னமோ சீரு செய்யப்போறதாச் சொன்னானாமே?"

"ஆமா மதினி, கம்ப்யூட்டருக்குள்ள போடுறதாம்ல. எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அக்காவுக்கு நாந்தான் செய்வேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். எங்க வீட்டு வழக்கத்துல, தொழில் பண்ற கருவிய மட்டும் சீரா வாங்கக் கூடாது மதினி. தராசோ, கம்ப்யூட்டரோ, தொழில் பண்றவன் கைக்காசுலதான் வாங்கணும்."

"கல்யாணத்தப்ப இப்படி ஒரு வழக்கம் சொல்லவே இல்லயே!"

"கல்யாணத்துக்கு நீங்க தராசா கொண்டு வந்தீக, சொல்றதுக்கு?"

சிரித்துவிட்டார்கள். போனைப் பிரபு பிடுங்கினான். "அத்தை, அப்ப நான் வெறுங்கைய வீசிக்கிட்டு வந்து நிக்கவா? எங்க அக்காவுக்கு மரியாத வேணாமா?"

"ஏலே, மரியாதய யாரு வேணாம்னா? ஆபீசுல போடுற நாற்காலி பூராவும் உன் சீரு. வாரவுக அம்புட்டுப் பேரும் உன் சீருலதான் உக்காரணும். சாப்ட்வேர யாரு பாக்கப் போறா? நாற்காலின்னா ஊரே பாக்கும்."

அவனுக்கு அது பிடித்துவிட்டது. "நல்ல சுத்துற நாற்காலியாவே எடுத்துருவோம் அத்தை" என்றான். நல்ல பையன். அவனையும் அந்தக் குரூப்பில் எவனோ ஏமாற்றுகிறான். திறப்பு முடிந்த பிறகு, தாம்பாளம் இல்லாத ஒரு நாளில், அவனைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளதை நீயே சொல். தன் கடையில் வேறு யாருக்கும் அந்தச் சரக்கை அவன் போட்டுக் கொடுக்காமல் இருக்க வேண்டும். சீரை மறுத்தது நான். உண்மையைச் சொல்ல வேண்டியது நீ.

போனை வைத்ததும் உங்கப்பா பேப்பரை மடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம வீட்டு வழக்கமா? எனக்குத் தெரியாம எங்க ஆத்தா உங்கிட்ட எப்பச் சொன்னா?"

"நாந்தான் சொல்றேன். இன்னியில இருந்து வழக்கம்" என்றேன். "அதுசரி" என்று பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

இனி எம்.ரெட்டியபட்டியில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பேசுவார்கள். கிராக்கி பண்ணுகிற சம்பந்தி, சீரிலும் குறை கண்டாள் என்பார்கள். பேசட்டும். பஸ் மேலே மூட்டை ஏற்றிய நாளிலிருந்து ஏதாவது ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். இதைச் சுமப்பதற்கு முட்டி வேண்டியதில்லை. நீ நிம்மதியாகச் சாப்பிடு. டீலரிடம் பேசிவிட்டு, பில் வந்ததும் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துகொள்கிறேன்.

திறப்பன்று வந்ததும் முதலில் பிரபுவின் நாற்காலியில்தான் உட்காருவேன். கால் தொங்காமல் தரையில் படுகிற உயரமாகப் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மட்டும் பில் கேட்க மாட்டேன்.

அம்மா